அழுத பிள்ளையை மறக்காத தாய்

"அம்மா, கதை சொல்லம்மா!"

ஏழு வயதுச் சிறுமி காரின் கேட்டாள். அவளுக்கு நிமோனியா காய்ச்சல். பள்ளிக்கூடம் போக முடியாது. வெளியே ஓடி விளையாட முடியாது. நாள் முழுவதும் படுக்கைதான்.

"என்ன கதை வேண்டும்?" என்று தாய் கேட்டார்.

"பிப்பி நீளக்காலுறை கதை!" என்றாள் காரின்.

அப்படி ஒரு பெயரைத் தாய் அதற்கு முன் கேட்டதே இல்லை. அந்த நிமிடத்தில் மகளின் வாயில் வந்த பெயர் அது. 'யார் அந்தப் பிப்பி?' என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. உடனே கதையைத் தொடங்கிவிட்டார். பெயர் விசித்திரமானது. ஆகவே அந்தப் பெயருக்கு உரிய பெண்ணும் விசித்திரமானவளாகத்தானே இருக்க வேண்டும்?

இது நடந்தது 1941-ம் ஆண்டில். இடம், சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோம். தாயின் பெயர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன்.

அன்று அவர் சொன்ன கதை பிறகு புத்தகம் ஆயிற்று. உலகமெங்கும் பரவியது. அவருடைய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் வந்துள்ளன. 2015-ம் ஆண்டில் சுவீடன் அரசு வங்கி புதிய 20 குரோனர் நோட்டு வெளியிட்டது. அதில் அச்சிட்டிருப்பது ராஜாவின் படம் அல்ல. ராணியின் படமும் அல்ல. பிள்ளைகளுக்குக் கதை எழுதிய இந்தப் பெண்மணியின் படம்!

அவர் எழுதிய கதைகள் பலவற்றில் ஓர் ஒற்றுமை உண்டு. தனியாக விடப்பட்ட பிள்ளை, தாய் இல்லாத பிள்ளை, நோயில் கிடக்கும் பிள்ளை — அவர்களே கதாநாயகர்கள். பெரியவருக்கும் பிள்ளைக்கும் வழக்கு என்றால், ஆஸ்ட்ரிட் எப்போதும் பிள்ளையின் கட்சி.

ஏன் அப்படி? அதற்குக் காரணம், பிப்பியோ காரினோ அல்ல. வேறொரு பிள்ளை. சத்தம் போடாமல் அழுத மூன்று வயதுப் பையன்.

பண்ணை வீட்டுப் பெண்

சுவீடனின் தென்பகுதியில் ஸ்மோலண்ட் என்று ஒரு வட்டாரம். அங்கே விம்மர்பி என்ற சிறிய ஊர். அதை ஒட்டி நேஸ் என்ற பண்ணை. அங்கே 1907-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி ஆஸ்ட்ரிட் பிறந்தாள். தந்தை சாமுவேல் ஆகஸ்ட், குத்தகை விவசாயி. தாய் ஹன்னா. ஓர் அண்ணன், இரண்டு தங்கைகள்.

பிள்ளைகளுக்கும் பண்ணையில் வேலை உண்டு. கிழங்கு வயலில் களை எடுக்க வேண்டும். வேலை முடிந்தால் விளையாட்டு. மரம் ஏறுவார்கள். வீட்டுக்குள், தரையில் கால் படாமல் மேசையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தாவுவார்கள். தாய் தந்தையர் தடுக்கவில்லை. பாதுகாப்பும் உண்டு, சுதந்திரமும் உண்டு. இந்த இரண்டும்தான் தன் பிள்ளைப் பருவத்தின் செல்வம் என்று பிற்காலத்தில் ஆஸ்ட்ரிட் சொல்வது வழக்கம்.

பண்ணையில் மாடு பார்க்கும் வேலைக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய மகள் எடித். ஒருநாள் அவர்கள் வீட்டுச் சமையலறையில், எடித் ஒரு கதை படித்தாள். பாம்-பாம் என்ற அரக்கனும் விரிபுந்தா என்ற தேவதையும் வரும் கதை. குழந்தை ஆஸ்ட்ரிட் வாய் பிளந்து கேட்டாள். கதை என்ற மாயம் அவளைப் பிடித்துக்கொண்டது அன்றுதான்.

பதினெட்டு வயதில் பேரிடி

பள்ளிப் படிப்பு முடிந்தது. ஊர்ப் பத்திரிகையில் ஆஸ்ட்ரிட்டுக்கு வேலை கிடைத்தது. எழுத்துத் திறமை இருந்ததால் பெயரும் கிடைத்தது. எல்லாம் நன்றாகவே போயிற்று.

ஆனால், பதினெட்டு வயதில் வாழ்க்கை தலைகீழானது. மணமாகாத அந்தப் பெண் தாயாகப் போகிறாள் என்ற செய்தி ஊருக்குள் பரவியது. காரணமானவர் அவளைவிட மிக மூத்தவர். பல பிள்ளைகளின் தந்தை. மணந்துகொள்வதாக அவர் சொன்னார். ஆஸ்ட்ரிட் மறுத்துவிட்டாள். பிள்ளை வேண்டும், அந்த மனிதர் வேண்டாம். இதில் அவள் உறுதியாக இருந்தாள்.

1926-ம் ஆண்டில் சிறிய ஊர் இதைப் பொறுக்குமா? போகும் இடமெல்லாம் ஏச்சும் பேச்சும். ஆஸ்ட்ரிட் ஊரை விட்டுப் புறப்பட்டாள். ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்தாள். சுருக்கெழுத்தும் டைப்ரைட்டிங்கும் கற்றாள். வயிற்றுப் பிழைப்புக்கு வேறு வழி இல்லை.

அங்கே ஈவா அந்தேன் என்ற பெண் வழக்கறிஞர் அவளுக்கு உதவினார். சுவீடன் வழக்கறிஞர் சங்கத்தில் இடம் பெற்ற முதல் பெண்மணி அவர். 'டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரத்துக்குப் போ. அங்கே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் தந்தையின் பெயரைச் சொல்லாமலே பிரசவம் பார்ப்பார்கள்' என்று வழி காட்டினார்.

1926 டிசம்பர் 4-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. லார்ஸ் என்று பெயர் வைத்தாள்.

குழந்தை அங்கே, தாய் இங்கே

பெற்ற பிள்ளையை வைத்து வளர்க்க ஆஸ்ட்ரிட்டுக்கு வீடு இல்லை, வருமானம் இல்லை. கோபன்ஹேகனில் மேரி என்ற நல்ல பெண்மணி இருந்தார். அவரிடம் குழந்தையை விட்டுவிட்டு ஸ்டாக்ஹோம் திரும்பினாள்.

அந்தப் பிரிவு மூன்று ஆண்டுகள் நீடித்தது.

ஆபீசில் குமாஸ்தா வேலை. சொற்பச் சம்பளம். அதில் மிச்சம் பிடித்துப் பணம் சேர்ப்பார். கொஞ்சம் சேர்ந்ததும் மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கி ரெயில் ஏறுவார். இரவு முழுதும் பயணம். மகனுடன் ஒரு நாள் இருப்பார். மறுபடியும் இரவு ரெயில். திங்கட்கிழமை காலையில் ஆபீசில் ஆஜர். எந்தப் பிள்ளைக்கும் தாய் முகம் மறக்கக்கூடாது அல்லவா? அதற்காகத்தான் அத்தனை பாடு.

1930-ம் ஆண்டு தொடக்கத்தில் மேரி நோயில் விழுந்தார். லார்சை அழைத்துப் போகும்படி ஆயிற்று. மூன்று வயதுப் பையன், தான் அறிந்த ஒரே வீட்டை விட்டுப் புறப்பட்டான். அவன் பேசியது டேனிஷ் மொழி. அவன் 'அம்மா' என்று அழைத்ததும் மேரியைத்தான். இப்போது புது ஊர், புது மொழி, வாடகை அறை. ஆஸ்ட்ரிட் வேலைக்கும் போக வேண்டும். கக்குவான் இருமல் வேறு பையனை வாட்டியது.

அந்த நாட்களில் ஒருநாள் லார்ஸ் அழுதான். மற்றப் பிள்ளைகளைப் போல் வீறிட்டு அழவில்லை. சத்தமே இல்லாமல் அழுதான். 'அழுது என்ன பயன்? பெரியவர்கள் தங்கள் இஷ்டப்படிதானே செய்வார்கள்' என்று அந்தப் பிஞ்சு மனம் நினைத்துவிட்டதுபோல் இருந்தது.

அந்த அழுகையை ஆஸ்ட்ரிட் ஆயுள் முழுதும் மறக்கவில்லை. அது தன் நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டே இருந்ததாகவும், பிள்ளைகளின் பக்கம் தான் அவ்வளவு வேகமாக நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றும் முதுமையில் சொன்னார்.

சில மாதங்களில் லார்ஸ், நேஸ் பண்ணைக்குப் போனான். பாட்டி ஹன்னாவும் தாத்தாவும் பேரனை ஏற்றுக்கொண்டார்கள். 1931-ம் ஆண்டில் ஆஸ்ட்ரிட், தாம் வேலை பார்த்த ஆபீசில் மேலாளராக இருந்த ஸ்டூரே லிண்ட்கிரனை மணந்தார். லார்ஸ் தாயிடமே வந்து சேர்ந்தான். 1934-ல் தங்கை காரின் பிறந்தாள்.

சறுக்கி விழுந்ததில் ஒரு புத்தகம்

காரினுக்காகப் பிறந்த பிப்பி, அந்த வீட்டிலேயே வளர்ந்தாள். காரினின் தோழிகளும் வந்து கதை கேட்டார்கள். ஆனால் எழுதி வைக்க ஆஸ்ட்ரிட் நினைக்கவில்லை.

1944 மார்ச்சில் வீதியில் பனி உறைந்து கிடந்தது. வெளியே போன ஆஸ்ட்ரிட் சறுக்கி விழுந்தார். காலில் சுளுக்கு. எழுந்து நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தார். சும்மா கிடப்பானேன் என்று பிப்பி கதையை எழுதத் தொடங்கினார். சுருக்கெழுத்தில் எழுதினார்! ஆதரவற்ற நாளில் வயிற்றுப் பிழைப்புக்குக் கற்ற அந்தச் சுருக்கெழுத்தில்தான் கடைசிவரை எல்லாக் கதைகளையும் முதலில் எழுதினார்.

மே மாதம் காரினுக்குப் பத்தாவது பிறந்த நாள். டைப் அடித்த கதையே பரிசு.

இன்னொரு பிரதி, பெரிய பதிப்பகம் ஒன்றுக்குப் போயிற்று. 'இதைப் படித்துவிட்டுப் பிள்ளை நல அதிகாரிகளிடம் என்மேல் புகார் கொடுத்துவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்' என்ற கருத்தில் வேடிக்கையாகக் கடிதமும் வைத்தார். கதை திரும்பி வந்துவிட்டது.

ஆஸ்ட்ரிட் சோர்ந்து போகவில்லை. ராபேன் அண்டு ஷோகிரன் என்ற சிறிய பதிப்பகம் 1945-ல் நடத்திய போட்டிக்குப் பிப்பியை அனுப்பினார். முதல் பரிசு! அந்த ஆண்டு நவம்பரில் புத்தகம் வெளிவந்தது.

பிப்பி யார்?

பிப்பிக்கு ஒன்பது வயது. சிவப்பு முடி, விறைத்து நிற்கும் இரட்டைச் சடை. ஒரு காலில் ஒரு நிறக் காலுறை, மறு காலில் வேறு நிறம். தாய் இல்லை. கப்பல் தலைவரான தந்தை கடலில் காணாமற்போனார். தனி வீட்டில், ஒரு குரங்கோடும் ஒரு குதிரையோடும் குடித்தனம். பெட்டி நிறையத் தங்கக் காசு. உலகத்திலேயே அவளைப்போல் பலசாலி கிடையாது. குதிரையை ஒற்றை ஆளாகத் தூக்கி வைப்பாள்!

ஆனால் அந்தப் பலத்தால் யாரையும் அவள் அடக்கி ஆளவில்லை. இளைத்தவனை அடிப்பவனைத் தூக்கி மரக்கிளையில் போடுவாளே தவிர, எளியவர் மேல் அவள் கை படாது. இந்தக் கதை பிறந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அது இரண்டாவது உலகப்போர் நடந்த காலம். பலம் படைத்தவர்கள் நாடு நாடாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் தணிக்கை ஆபீசில் ஆஸ்ட்ரிட் வேலை பார்த்தார். போரின் துயரத்தை நாள்தோறும் கண்டார். நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார்.

பிப்பியைப் பிள்ளைகள் கொண்டாடினார்கள். பெரியவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். 1946-ல் ஒரு பேராசிரியர் பத்திரிகையில் கடுமையாகத் தாக்கினார். விருந்தில் முழுக் கேக்கையும் ஒருத்தியே தின்பாளா? தரையில் சர்க்கரையைக் கொட்டி வெறுங்காலால் மிதிப்பாளா? இது என்ன பிள்ளை வளர்ப்பு?

புத்தகம் விற்றுக்கொண்டே இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்த பையன்

1946 முதல் 1970 வரை, தம் நூலை வெளியிட்ட அதே பதிப்பகத்தில் ஆஸ்ட்ரிட் குழந்தை நூல் பகுதியைக் கவனித்தார். காலையில் வீட்டில் எழுத்து, பிற்பகலில் ஆபீஸ். 1952-ல் கணவர் காலமானார். அந்தத் துயரத்திலும் பேனா நிற்கவில்லை.

ஒருநாள் ஸ்டாக்ஹோமில் தெக்னேர் பூங்கா வழியாகப் போனார். பெஞ்சில் ஒரு சிறுவன் தனியாக உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஏக்கம். அந்தக் காட்சி 'மியோ, என் மகனே' என்ற மாயக்கதை ஆயிற்று. 1954-ல் அது வெளிவந்தது.

கதையில் வரும் பையன் ஓர் அனாதை. வளர்ப்பு வீட்டில் அன்பு இல்லை. ஒரு மாலையில் பூங்காப் பெஞ்சில் உட்கார்ந்தவன், தொலைதூர நாட்டுக்குப் போய்விடுகிறான். அங்கே அரசரே அவனுடைய தந்தை! மகனே, மகனே என்று அணைத்துக்கொள்கிறார். அந்த நாட்டில் கல்நெஞ்சன் காட்டோ பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போகிறான். பயந்து நடுங்கும் மியோதான் அவனை எதிர்த்து நிற்கிறான்.

வளர்ப்பு வீட்டுப் பிள்ளை, 'என் மகனே' என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு ஏங்கும்? அது ஆஸ்ட்ரிட்டுக்குத் தெரியாதா, என்ன?

1973-ல் 'சிங்கநெஞ்சச் சகோதரர்கள்' வந்தது. விம்மர்பி கல்லறைத் தோட்டத்தில் ஒரு பழைய இரும்புச் சிலுவை உண்டு. 1860-ல் இறந்த இரண்டு சிறு சகோதரர்களின் பெயர்கள் அதில் இருக்கும். அதைக் கண்டு பிறந்த கதை இது. தம்பி கார்ல் தீராத நோயாளி. வீட்டில் தீப்பிடித்தபோது அண்ணன் யோனத்தான் தம்பியை முதுகில் சுமந்து குதிக்கிறான். தம்பி பிழைக்கிறான், அண்ணன் இறக்கிறான். பிறகு இருவரும் நங்கியாலா என்ற மாய நாட்டில் சந்திக்கிறார்கள். அங்கே ஒரு கொடுங்கோலனை எதிர்த்துப் போராட்டம்.

'பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றி எழுதலாமா?' என்று எதிர்ப்பு எழுந்தது. பிள்ளைகளும் சாவை நினைத்துப் பயப்படுகிறார்கள். அவர்களுக்கும் ஆறுதல் வேண்டும் என்பதே ஆஸ்ட்ரிட்டின் எண்ணம்.

கையில் ஒரு கல்

1978-ம் ஆண்டு. ஜெர்மனியின் புத்தக வணிகர் சங்கம், தன் அமைதிப் பரிசை ஆஸ்ட்ரிட்டுக்கு அறிவித்தது. பிராங்க்பர்ட் நகரில் அக்டோபரில் விழா. அவர் பேசப்போகும் உரையை விழாக்காரர்கள் முன்கூட்டியே படித்துப் பார்த்தார்கள். தயங்கினார்கள். 'பரிசை வாங்கிக்கொண்டு சுருக்கமாக நன்றி சொன்னால் போதும்' என்றார்கள். 'பேச விடாவிட்டால் நான் வரவே மாட்டேன்' என்று எழுபது வயது ஆஸ்ட்ரிட் சொல்லிவிட்டார். அவர்கள் இணங்கினார்கள்.

அப்படி என்ன பேசினார்? உலகத்தில் அமைதி வேண்டுமானால் அது வீட்டில், பிள்ளை வளர்ப்பில் தொடங்க வேண்டும் என்றார். அடிபட்டு வளர்ந்த பிள்ளை அடிக்கத்தான் கற்றுக்கொள்ளும் என்றார். 'அடியாத மாடு படியாது' என்று நம் பக்கத்தில் சொல்வதுபோல், அங்கேயும் பிரம்புக்கு ஆதரவாகப் பழமொழிகள் உண்டு. அவற்றுக்கு எல்லாம் பதிலாக ஆஸ்ட்ரிட் ஒரு சம்பவம் சொன்னார். ஒரு மூதாட்டி அவரிடம் சொன்னது அது.

அந்த மூதாட்டி இளந்தாயாக இருந்த காலம். சின்ன மகன் ஏதோ குற்றம் செய்துவிட்டான். இன்று அடித்தே தீருவது என்று தாய் முடிவு கட்டினாள். 'நீயே போய் ஒரு குச்சி எடுத்து வா' என்றாள்.

பையன் போனான். வெகு நேரம் வரவில்லை. கடைசியில் அழுதுகொண்டே வந்தான். கையில் குச்சி இல்லை. ஒரு கல் இருந்தது. 'குச்சி கிடைக்கவில்லை அம்மா. இந்தக் கல்லால் என்னை எறிந்துகொள்' என்று நீட்டினான்.

தாய்க்குச் சொரேர் என்றது. அம்மா என்னை நோகடிக்க நினைக்கிறாள். அதற்குக் குச்சியானால் என்ன, கல்லானால் என்ன? பையன் அப்படி நினைத்துவிட்டான்! பிள்ளையின் கண்ணால் அவள் தன்னையே பார்த்தாள். அவனை வாரி அணைத்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

பிறகு அந்தக் கல்லைச் சமையலறை அலமாரியில் வைத்தாள். இனி ஒருநாளும் கை ஓங்குவதில்லை என்று தனக்குத்தானே செய்துகொண்ட சத்தியத்துக்கு அதுவே சாட்சி.

சட்டம் வந்தது

பிள்ளைகளை அடிப்பதைப் பற்றிச் சுவீடனில் அப்போதே விவாதம் நடந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு, 1979 ஜூலையில் சட்டம் அமலுக்கு வந்தது. வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, பிள்ளைகளை அடிக்கக்கூடாது. உலகத்திலேயே இப்படிச் சட்டம் செய்த முதல் நாடு சுவீடன்தான். ஆஸ்ட்ரிட் பேசிய ஜெர்மனியில் 2000-ம் ஆண்டில் சட்டம் வந்தது. இன்று அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் அந்த வழியைப் பின்பற்றியுள்ளன.

1981-ல், 'கொள்ளைக்காரன் மகள் ரோன்யா' என்ற மாயக்கதையை அவர் வெளியிட்டார். இரண்டு கொள்ளைக் கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாகப் பகை. அந்தப் பகையைத் தீர்த்து வைப்பவர்கள் யார்? இரண்டு வீட்டுப் பிள்ளைகள்தான்.

1986-ல் லார்ஸ் காலமானார். அவருக்கு வயது 59. பெற்ற தாய் உயிரோடு இருக்க, மகன் போய்விட்டார். ஆஸ்ட்ரிட்டுக்கு அது ஆறாத அடி.

2002-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் மறைந்தார். வயது 94. காரின் காய்ச்சலோடு கதை கேட்ட 1941-ம் ஆண்டில் குடிவந்த அதே வீட்டில்தான் கடைசி மூச்சும் பிரிந்தது. உடலை விம்மர்பிக்குக் கொண்டு போய் அடக்கம் செய்தார்கள். பிள்ளை நூல்களுக்காகச் சுவீடன் அரசு அவர் பெயரால் ஒரு பரிசு ஏற்படுத்தியது. தொகை 50 லட்சம் குரோனர்.

அவருக்கு வந்த கடிதங்கள் சுவீடன் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் ஏராளமானவை பிள்ளைகள் எழுதியவை. வீட்டில் சொல்ல முடியாத துயரத்தை அவர்கள் முகம் தெரியாத இந்தப் பாட்டியிடம் சொன்னார்கள். அவர் கேட்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

சத்தம் போட்டு அழும் பிள்ளையை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சத்தம் இல்லாமல் அழும் பிள்ளையும் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த அழுகை காதில் விழ வேண்டுமானால், அந்தத் தாய் செய்ததுபோல் அலமாரியில் ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொள்வது நல்லதுதான்!